ஃபியூஸ் போட்டும் எரிந்த ஒயர்: பழைய காரில் ஃபாக் லைட் மாட்டும்போது நடக்கும் தவறுகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் மேட்டுப்பாளையத்தில் எங்கள் பட்டறைக்கு ஒரே வேலையாக வண்டிகள் வரத் தொடங்கும். மாருதி 800, ஜென், பத்மினி, எப்போதாவது ஓர் அம்பாசடர். ஊட்டி ரோட்டில் கல்லாறு தாண்டி பர்லியாறு ஏறும்போது மேகம் ரோட்டுக்கே இறங்கிவிடும். பழைய ஹெட்லைட்டைப் போட்டால் முன்னால் ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரியும், வளைவு தெரியாது. அதனால் ஃபாக் லைட் மாட்ட ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. பாதிப் பேர் வீட்டிலேயே மாட்டிவிட்டு, "ஒருதடவை பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்று கொண்டுவருகிறார்கள். சொந்தமாகச் செய்து பார்ப்பவர்களை எனக்குப் பிடிக்கும், நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் பானட்டைத் தூக்கியதும் இருபது வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு அப்படியே கண்முன் நிற்கிறது.

பிளஸ் மைனஸ் மாறுவது, பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடுவது, ரிலே (சுவிட்சின் சிறு கரண்டில் இயங்கி லைட்டின் பெரிய கரண்டை இணைக்கும் சின்ன டப்பா) இல்லாமல் ஹெட்லைட் ஒயரிலேயே கரண்ட் எடுப்பது, இவற்றைப் பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. லைட் டப்பாவின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

ஃபியூஸ் இருக்கிறது, இடம்தான் தப்பு

போன வாரம் ஒரு தம்பி அவர் அப்பாவின் மாருதி 800-ஐக் கொண்டுவந்தார். வேலை சுத்தமாக இருந்தது. ஒயருக்கு ஸ்லீவ் போட்டிருந்தார், ஒயர் முனையில் மாட்டும் லக் எல்லாம் ஒழுங்காக அழுத்தியிருந்தார். பேட்டரி பிளஸ்ஸில் இருந்து ஒரு தடித்த சிவப்பு ஒயர் கிளம்பி, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டின் ஓட்டை வழியாக உள்ளே போகிறது. ரிலேயும் ஃபியூஸும் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கின்றன. ஏன் அங்கே என்று கேட்டேன். "தண்ணி படாதுங்கண்ணா, ஃபியூஸ் போனா மாத்தவும் ஈஸி."

"ஒயர் வழியில எங்கியாவது தகட்டுல உரசுனா?"

"அதுக்குத்தான் ஃபியூஸ் போட்டிருக்கேனுங்களே!"

இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். அந்தத் தம்பி மேல் இல்லை. இதை யாருமே ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதில்தான்.

ஃபியூஸ், தன் வழியாகப் போகும் கரண்டை மட்டும்தான் நிறுத்தும். பேட்டரியில் இருந்து ஃபியூஸ் வரைக்கும் வரும் ஒயருக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. வீட்டில் மொட்டை மாடித் தொட்டியில் இருந்து குழாய் இறங்குகிறது, நடுச்சுவரில் குழாய் உடைந்துவிட்டது என்று வையுங்கள். சமையலறைக் குழாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் சுவரில் தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருக்கும். தொட்டியடியில் வால்வு இருந்தால்தான் நிறுத்த முடியும். பேட்டரிதான் இங்கே தொட்டி.

2004-ல் என் மாமாவின் பத்மினிக்கு இரண்டு ஃபாக் லைட் மாட்டினேன். அந்தத் தம்பி செய்த மாதிரியேதான் செய்தேன். சோக் கேபிள் போகும் ஓட்டையில் கொஞ்சம் இடம் இருந்தது, அதிலேயே ஒயரையும் நுழைத்தேன். ஓட்டையின் விளிம்புக்கு ரப்பர் கிரோமெட் போடவில்லை. ஆறு மாதம் அருமையாக எரிந்தது. மார்கழியில் கோத்தகிரியில் இருந்து இறங்கும்போது, அரவேணு தாண்டியதும், பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. முன்னால் போகும் லாரியின் பிரேக் வாடை என்று நினைத்து இன்னும் ஒரு வளைவு ஓட்டினேன். அதற்குள் டேஷ்போர்டு அடியில் இருந்து புகை.

வண்டியை ஓரங்கட்டி சாவியைத் திருப்பி எடுத்தேன். புகை நிற்கவில்லை. நிற்காது, ஏனென்றால் அந்த ஒயர் சாவி வழியாக வரவில்லை, பேட்டரியில் இருந்து நேராக வருகிறது. பானட்டைத் திறந்தால் சிவப்பு ஒயரின் உறை குமிழ் குமிழாகப் பொங்கி, கம்பி உள்ளே பழுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்பேனர் டிக்கியில் இருந்தது. மாமாவும் நானும் அதைத் தேடியெடுத்து மைனஸ் கிளாம்ப்பைக் கழற்ற இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அந்த நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் ஒயரை அழகுக்காக வண்டியின் சொந்த ஹார்னெஸோடு (ஒயர்க் கட்டோடு) சேர்த்து கேபிள் டை போட்டுக் கட்டியிருந்தேன். அந்தச் சூட்டில் ஹார்னெஸில் இருந்த ஒயர்களும் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டன.

மறுநாள் பிரித்துப் பார்த்தேன். தகட்டு ஓட்டையின் விளிம்பு உறையை அரைத்து அரைத்துக் கம்பி வரைக்கும் போயிருந்தது. கீழே ஃபியூஸ் ஹோல்டரைத் திறந்தால், 15 ஆம்பியர் நீல ஃபியூஸ் புத்தம் புதிதாக, கம்பி அறாமல் அப்படியே இருக்கிறது. ஷார்ட் ஆனது ஃபியூஸுக்கு முந்தைய இடத்தில். பேட்டரி தன்னிடம் இருந்த நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த ஒயரில் கொட்டியபோது ஃபியூஸ் வழியாக ஒரு துளிகூடப் போகவில்லை. பத்மினிக்கு ஹார்னெஸ் முழுவதும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. மூன்று வாரம் வண்டி ஷெட்டில் நின்றது. மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே, ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரி பிளஸ்ஸில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ரிலே பானட்டுக்குள்ளேயே, பேட்டரிக்கும் லைட்டுக்கும் நடுவில் இருக்கட்டும். டெர்மினல்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் தண்ணீர் தேங்காது. இப்படி வைத்தால் தடித்த ஒயர் எதுவும் கேபினுக்குள் போகவே வேண்டாம். சுவிட்சில் இருந்து ரிலேயை இயக்கும் காயிலுக்குப் போகும் ஒரு சன்னமான ஒயர் மட்டும் போதும். அதில் போவது கால் ஆம்பியருக்கும் குறைவு. அந்த ஒயருக்கும் கிரோமெட் போடுங்கள்.

ஃபியூஸின் அளவு லைட்டுக்கானது இல்லை, ஒயருக்கானது. 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர். அதற்குக் கீழே சொல்லும் தடிமனில் ஒயர் போட்டால், அந்த ஒயருக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். அது அடிக்கடி போகிறது என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது, அதைத் தேட வேண்டும். பச்சை நிற 30 ஆம்பியரைச் சொருகினால் அடுத்து ஒயர்தான் ஃபியூஸாக வேலை செய்யும்.

மாட்டி முடித்ததும் ஒரு சோதனை. ஃபியூஸை உருவிவிடுங்கள். பார்க் லைட் அணைந்திருக்கட்டும், சுவிட்சுக்குக் கரண்ட் அங்கிருந்துதான் வரும், கீழே சொல்கிறேன். டெஸ்ட் லாம்ப்பின் (கரண்ட் இருந்தால் எரியும் சின்னச் சோதனை விளக்கின்) கிளிப்பை பாடியில் மாட்டி, நீங்கள் இழுத்த ஒயர்களில் பேட்டரி பிளஸ்ஸில் இருந்து ஒரு சாணுக்கு அப்பால் உள்ள ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பாருங்கள். எங்கேயும் எரியக்கூடாது. ஓரிடத்தில் எரிந்தாலும் அந்த ஒயருக்குப் பாதுகாப்பில்லை என்று அர்த்தம். அந்தத் தம்பியைக் கூடவே உட்காரவைத்து இதைச் செய்துகாட்டினேன். டேஷ்போர்டு வரைக்கும் லாம்ப் எரிந்தது. வேறொன்றும் நான் சொல்லவில்லை. அவரே ஸ்பேனரை எடுத்துப் பேட்டரி மைனஸைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

பெயின்ட் மேல் எர்த்

பழைய வண்டியில் ஃபாக் லைட் மங்கலாக எரிந்தால் பத்தில் எட்டு தடவை காரணம் எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு. பம்பர் பிராக்கெட் போல்ட்டிலேயே கறுப்பு ஒயரையும் சேர்த்து முடுக்கிவிடுகிறார்கள். அந்த பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் நடுவில் முப்பது வருடத்துத் துருவும் மூன்று கோட்டிங் பெயின்ட்டும் இருக்கின்றன. ஒருவர் இதே கோளாறுக்கு இரண்டு ஜோடி பல்பு மாற்றிவிட்டு வந்தார். உப்புத்தாள் வைத்துத் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, வளைய லக்கும் பல் வாஷரும் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். அவர் முன்பு வாங்கிய பல்பே வெள்ளை வெளேரென்று எரிந்தது.

சந்தேகம் இருந்தால் லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை லைட்டின் கறுப்பு ஒயரிலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இன்னும் நல்லது, எர்த் ஒயரைப் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோய்விடுவது.

ஒயர் தடிமன்

மெல்லிய ஒயரும் இதே நோயைத்தான் கொடுக்கும். 1 சதுர மி.மீ. ஒயரில் 9 ஆம்பியர் 4 மீட்டர் போனால் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைகிறது. ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். பேட்டரியில் இருந்து ரிலேக்கு 2.5, ரிலேயில் இருந்து ஒவ்வொரு லைட்டுக்கும் 1.5 போடுங்கள். கடையில் ஆட்டோ ஒயர் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு ஒயரிங்கில் மிச்சமானது வேண்டாம். அதில் இழைகள் குறைவு, வண்டியின் அதிர்வில் லக் பக்கத்தில் ஒவ்வொன்றாக அறும்.

இன்சுலேஷன் டேப்

இன்ஜின் சூட்டில் பசை உருகி அவிழ்ந்துவிடும். ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரைப் பிடித்துக்கொள்ளும் குழல்) போடுங்கள்.

87-க்கும் 87ஏ-க்கும் உள்ள வித்தியாசம்

ரிலேயின் பின்களில் எண் அச்சடித்திருக்கும், லைட்டுக்குப் போகும் ஒயர் 87-ல் மாட்ட வேண்டியது. ஐந்து பின் ரிலே வாங்கினால் நடுப் பின்னைப் படித்துப் பாருங்கள். 87ஏ என்று இருந்தால் அதில் எதையும் மாட்ட வேண்டாம். ரிலே வேலை செய்யாதபோதுதான் அந்தப் பின்னில் கரண்ட் வரும். சுவிட்சை அணைத்தால் லைட் எரிகிறது என்று ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு வரும் போன்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

மீதிப் பாதி மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்கள். ஜிப்ஸியில் ஹெட்லைட் சுவிட்ச் எர்த் பக்கத்தில் வேலை செய்கிறது. லைட்டை அணைத்திருக்கும்போதும் டிம் ஒயரில் பல்பு வழியாக பிளஸ் வந்து நிற்கும். அந்த ஒயரில் ரிலேயைக் கோத்துவிட்டால், ஹெட்லைட் அணைந்தால் ஃபாக் லைட் எரியும், ஹெட்லைட் எரிந்தால் ஃபாக் லைட் அணையும். எந்த வண்டியானாலும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்காமல் ஓர் ஒயரையும் தொடாதீர்கள்.

சுவிட்சுக்கு கரண்ட்

பார்க் லைட் ஒயரில் இருந்து எடுங்கள். பேட்டரியில் இருந்து நேராக எடுத்தால், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது ஃபாக் லைட் எரிவதை ஒருநாள் கவனிக்காமல் போவீர்கள். 800-ல் இருக்கும் 35 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி, 9 ஆம்பியர் இழுத்தால் புதிதாக இருந்தாலும் நாலு மணி நேரத்துக்குள் படுத்துவிடும். மூன்று வருடப் பழசென்றால் அதில் பாதி நேரம்கூடத் தாங்காது. ஊட்டிக் குளிரில் காலை ஐந்து மணிக்கு வண்டியைத் தள்ள யாரும் வரமாட்டார்கள்.

100 வாட் பல்பு

வேண்டாம். பிரதிபலிப்பான் கருகும்.

மஞ்சளா வெள்ளையா

இதற்காக வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். பனியின் நீர்த்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. எந்த நிறமானாலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் சிலர் கண்ணுக்கு இதமாக இருக்கிறது, அது வேண்டுமானால் காரணமாக இருக்கட்டும். பனியில் உதவுவது வெளிச்சம் அகலமாகவும் தாழ்வாகவும் விழுவதுதான். அதை நிறம் தீர்மானிப்பதில்லை, நீங்கள் மாட்டும் உயரமும் குனிவும் தீர்மானிக்கின்றன.

உயரமும் குனிவும்

ஹெட்லைட்டுக்குக் கீழே, பம்பரை ஒட்டி. பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று கிரில்லின் மேலேயோ கூரையிலேயோ மாட்டினால் வெளிச்சம் உங்கள் கண்ணுக்கும் ரோட்டுக்கும் நடுவில் உள்ள பனியில் பட்டு முகத்துக்கே திரும்பிவரும். ரொம்பவும் கீழே இறக்கினால் வேகத்தடையில் கண்ணாடி போகும். தரையில் இருந்து ஓரடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்மினி, அம்பாசடர் போன்றவற்றில் லைட்டின் முதுகு ரேடியேட்டருக்கு வரும் காற்றை மறிக்காமல் ஓரமாக ஒதுக்குங்கள். மலை ஏற்றத்தில் அந்த இன்ஜின்கள் ஏற்கெனவே சூடேறும்.

குனிவைச் சரிபார்க்க, சமதரையில் சுவரில் இருந்து ஏழரை மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். லைட்டின் நடுவுயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே படுக்கையாக விழ வேண்டும். இதைக் காலி வண்டியில் செய்தால் பிரயோஜனம் இல்லை. பழைய வண்டியின் பின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், பின்னால் மூன்று பேரும் டிக்கியில் பெட்டியும் ஏறியதும் மூக்கு தூக்கிக்கொள்ளும், லைட் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். வீட்டில் இருப்பவர்களைப் பின் சீட்டில் உட்காரவைத்துவிட்டு நட்டை முடுக்குங்கள். முதல் தடவை மலை ஏறி இறங்கி வந்ததும் அதே சுவருக்கு முன் இன்னொரு தடவை பாருங்கள். பிராக்கெட் கட்டாயம் கொஞ்சம் அசைந்திருக்கும்.