யோக்டோவில் விருப்ப லைப்ரரியை முழுமையாக அணைப்பது எப்படி

பதிவுகளைச் சேகரித்து அனுப்பும் ஒரு நிரலுக்கு, சிறு கருவிகளுக்கான லினக்ஸை உருவாக்க உதவும் யோக்டோவில் ரெசிபி (நிரலை எப்படி பில்ட் செய்வது என்று சொல்லும் கோப்பு) எழுதினேன். அனுப்புவதற்கு கர்ல் என்ற லைப்ரரி கட்டாயம் வேண்டும். சுருக்குவதற்கான இசட்லிப் மட்டும் விருப்பம். ஒரு சிறிய போர்டுக்காக இசட்லிப்பை நீக்கி பில்ட் செய்தேன். அப்போதும் சுருக்கிய கோப்புகளே வந்து விழுந்தன. காரணம் பிடிபட ஒன்றரை நாள் ஆனது.

ரெசிபியின் அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் சோர்ஸ். பில்டை அமைக்கும் கருவியான மெசானில் இசட்லிப் தேர்வை பூலியனாக (ஆம்/இல்லை) அறிவிக்காமல் 'ஃபீச்சர்' வகையாக அறிவியுங்கள். வேண்டும், வேண்டாம், கிடைத்தால் எடுத்துக்கொள் என மூன்று நிலையும் அதில் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதே வேலையைச் செய்யும் ஆட்டோகான்ஃபை விட மெசானையே சொல்வேன்.

2. ரெசிபியில் பேக்கேஜ்கான்ஃபிக் என்று எழுதி, சதுர அடைப்புக்குள் இசட்லிப் என்று பெயர் கொடுங்கள். மதிப்பில் காற்புள்ளி போட்டு வரிசையாக எழுத வேண்டியவை: இயக்கும்போது கான்ஃபிகருக்கு (பில்டுக்கு முன் எதையெல்லாம் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் படி) போகும் வாதம், அணைக்கும்போது போகும் வாதம், பில்டுக்குத் தேவையான ரெசிபி, இயங்கும்போது தேவையான பேக்கேஜ். நான்காவது பெரும்பாலும் காலியாக இருக்கலாம். லிங்க் ஆன லைப்ரரியை யோக்டோவே கண்டுபிடித்துச் சேர்த்துவிடும். லிங்க் செய்யாமல், ஓடும்போது டிஎல்ஓப்பன் அழைப்பு வழியாக லைப்ரரியை ஏற்றுகிறீர்கள் என்றால்தான் எழுத வேண்டும்.

நான் சறுக்கியது அந்த மதிப்பின் இரண்டாவது பகுதியில், அதாவது அணைக்கும் வாதத்தில். அதைக் காலியாக விட்டிருந்தேன். 2017இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து ஒவ்வொரு ரெசிபிக்கும் தனி சிஸ்ரூட் (பில்டின்போது தெரியும் லைப்ரரிகள் இருக்கும் கோப்புறை) என்பதால், நான் கேட்காத லைப்ரரி கண்ணில் படவே படாது என்று நம்பினேன். ஆனால் கர்ல் தன் பங்குக்கு இசட்லிப்பை உள்ளே கூட்டி வந்துவிடுகிறது. 'வேண்டாம்' என்று யாரும் சொல்லாததால், கான்ஃபிகர் அதைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டது. அந்த இடத்தில் அணைக்கும் வாதத்தை எழுதியதும் சரியானது.

3. பேக்கேஜ்கான்ஃபிக்கின் இயல்பு மதிப்பை இரண்டு கேள்விக்குறியும் சமக்குறியும் போட்டு வையுங்கள். பிபிஅப்பெண்டில் (ரெசிபியைத் தொடாமல் மாற்றம் சேர்க்கும் கோப்பு) கூட்டல்-சமக்குறி வேண்டாம்: அந்த இயல்பு மதிப்பு முழுதும் போய்விடும். 'அப்பெண்ட்' பயன்படுத்துங்கள். மேற்கோளுக்குள் முதலில் ஓர் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொள்ளும். 2021இன் 3.4 பதிப்பிலிருந்து 'அப்பெண்ட்'டுக்கு முன் அடிக்கோடு இல்லை, முக்காற்புள்ளி.

4. மறுபடி பில்ட் செய்யுங்கள். பேக்கேஜ்கான்ஃபிக் மாறினால் கான்ஃபிகர் தானாகவே மீண்டும் ஓடும், எதையும் துடைக்க வேண்டியதில்லை. பிறகு பைனரியை ரீட்எல்ஃப் கருவியில் சிறிய 'டி' கொடுத்துத் திறந்து, 'நீடட்' வரிகளில் (அதற்குத் தேவையான லைப்ரரிகள்) இசட்லிப் இல்லையா என்று பாருங்கள். கான்ஃபிகர் லாகை விட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

பின்சேர்க்கை: அணைக்கும் வாதம் கொடுத்தும் இசட்லிப் போகவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடையது ஆட்டோகான்ஃப். அங்கே 'வித்' தேர்வில் 'கொடுக்கப்பட்டால்' என்ற கிளை, 'வித்அவுட்' கொடுத்தாலும் ஓடும். அந்தக் கிளையில் கண்ணை மூடிக்கொண்டு 'யெஸ்' என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பதிலாக கொடுத்த தேர்வை வைத்திருக்கும் 'வித்வால்' மதிப்பை எடுத்துக்கொள்ளும்படி மாற்றி, ஒரு பேட்ச் போட்டதும் 'நீடட்' வரி மறைந்தது.