ஆடி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்களா? போனை விட்டுக் காற்றைக் கேளுங்கள்

பிள்ளைகளின் நீண்ட விடுமுறை ஆடி, ஆவணியில் (ஜூலை, ஓகஸ்டில்) வருவதால், வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர் இலங்கையில் உள்ள ஊருக்குப் போவதும் அப்போதுதான். புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது போனில் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம். மூன்றிலும் 33, 34 பாகை. சரி, எங்கே போனாலும் ஒரே வெயில்தானே என்று பெட்டியைக் கட்டிவிடுவோம். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். யாழ்ப்பாணத்தில் ஐந்து நாள் துள்ளித் திரிந்த பிள்ளைகள், வவுனியாவில் பெரியம்மா வீட்டில் ஒரே மத்தியானத்தில் வாடிப் படுத்துவிட்டார்கள். இரண்டு ஊரிலும் போன் காட்டிய எண் ஒன்றுதான்.

ஊரில் யாரும் பாகைக் கணக்குப் பேசுவதில்லை. "சோளகம் தொடங்கிட்டுதோ?", "கச்சான் அடிக்குதோ?" என்றுதான் கேட்பார்கள். இரண்டும் காற்றின் பெயர்கள். நீங்களும் அதையே கேளுங்கள்.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தீவின் மேல் வீசுவது தென்மேல் பருவக்காற்று. கொண்டுவரும் மழையைக் கொழும்பு, காலி, இரத்தினபுரிப் பக்கமும் மலையகத்தின் மேற்குச் சரிவிலும் கொட்டித் தீர்த்துவிட்டு, வடக்கு கிழக்குக்கு வெறுங்கையோடு வந்து சேர்கிறது. அதனால்தான் கட்டுநாயக்க விமான நிலையத்தில் குடையோடு இறங்கி, தம்புள்ள தாண்டும்போது புழுதியில் கண்ணைக் கசக்குகிறோம். கொழும்பில் இரண்டு நாள் தங்குவதாக இருந்தால் நுளம்புக்குப் பூசும் மருந்தைக் கைப்பைக்குள் வையுங்கள். அந்தப் பக்கம் டெங்கு கூடுகிற மாதங்கள் இவை. வடக்கில் டெங்கு பெரும்பாலும் மாரி மழையோடுதான் கூடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்தக் காற்றுக்குப் பெயர் சோளகம். பகல் முழுக்கப் பனையோலையைச் சலசலக்க வைத்துக்கொண்டே இருக்கும். வெயில் சுட்டாலும் வியர்வை காய்ந்துவிடும், உடம்புக்கு இதமாக இருக்கும். ஏமாறுவதும் அங்கேதான்: வியர்ப்பது தெரியாததால் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவோம். இன்னொன்று இரவு. லண்டனில் 33 பாகை அடித்தால் விடியற்காலையிலாவது குளிரும். யாழ்ப்பாணத்தில் கடல் சூடு விடாது; நடுச்சாமத்திலும் 27 பாகைக்குக் கிட்டத்தான் நிற்கும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை பகல் சூட்டை இரவிலும் கக்கும். ஓட்டுக் கூரை அறை கிடைத்தால் ஏசி இல்லை என்று கவலைப்படாமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாளும் இந்தக் காலத்தில்தான். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகவேண்டும், எல்லோருக்கும் வெறுங்கால். காலைப் பூசைக்கு மணல் குளிர்ந்திருக்கும், பதினொரு மணிக்குக் கால் வைக்க முடியாது. தேரன்று விடியப் போய் வெயில் ஏறுமுன் திரும்பப் பாருங்கள். வயதானவர்கள் தேரை வீட்டில் தொலைக்காட்சியில் பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. (என் அம்மா இதை ஒத்துக்கொள்ளமாட்டார்.)

தீவுப் பக்கம் போவோருக்குச் சோளகம் வேறு முகம் காட்டும். குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து நயினாதீவுக்குக் கொஞ்ச நேரம்தான். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், இந்த மாதங்களில் படகு நன்றாக ஆடும். பொதுவாகக் காலையில் கடல் அடங்கியிருக்கும், பின்னேரம் காற்று வலுக்கும். ஆகவே முதல் படகில் போய் மத்தியானத்துக்குள் திரும்புவது புத்தி. அங்குள்ள கிணறுகளில் பல கோடையில் உவர்த்துவிடுவதால் குடிதண்ணீர் போத்தலைக் கையோடு கொண்டு போங்கள். மன்னார் இதைவிடக் காற்றுப் பிடித்த இடம். 2020இல் 30 காற்றாலைகளை அந்தத் தீவின் தென்கரையில் நட்டது சும்மா இல்லை. கரையோரம் நடக்கும்போது கண்ணாடி இல்லாவிட்டால் கண்ணுக்குள் மண்தான்.

அதே மன்னார் மாவட்டத்து மடு மாதா கோயிலுக்கு ஓகஸ்ட் 15 பெருநாளுக்குப் போனால் கதை வேறு. அது காட்டுக்குள் இருக்கிறது, கடற்காற்று எட்டாது. வவுனியா, மாங்குளம், ஒட்டுசுட்டான் என்று வன்னியின் உள்பக்கம் முழுக்க இப்படித்தான். மரம் அசையாத மத்தியானம், செம்மண்ணிலிருந்து எழும்பும் அனல். பெரியம்மா வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தெரியும். பதினொரு மணிக்கு வேலையை முடித்து, மூன்றரை வரை தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். என் பிள்ளைகள் அந்த நேரத்தில் வளவுக்குள் கிரிக்கெட் ஆடினார்கள். ஆனால் வன்னியில் ஓர் ஆறுதல் உண்டு. கடலுக்குத் தூரம் என்பதால் விடியப்புறம் யாழ்ப்பாணத்தைவிடக் குளிரும். வயல், குளம், சொந்தக்காரர் வீடு எல்லாவற்றையும் ஒன்பது மணிக்கு முன்னால் முடித்துவிடலாம். காலம் சரியாக அமைந்தால் பாலைப்பழமும் கிடைக்கும். கை, வாய் எல்லாம் ஒட்டும், ஆனால் விடாதீர்கள்.

கிழக்கில் இறங்கினால் கச்சான். நம் பிள்ளைகளுக்குக் கச்சான் என்றால் கோயில் வாசலில் விற்கிற கடலை. "கச்சான் அடிக்குது" என்று மட்டக்களப்பில் யாரோ சொன்னபோது என் மகள், யார் யாருக்குக் கடலையால் எறிகிறார்கள் என்று தேடினாள். மலையைத் தாண்டி இறங்கும் காற்று இறங்க இறங்கச் சூடேறி, காய்ந்து, மேற்கிலிருந்து முகத்தில் அறைவதுதான் இந்தக் கச்சான். மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை: கடல் பக்கம் எழுவான்கரை, உள்பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் பின்னேரமாவது கடற்காற்று எட்டிப் பார்க்கும். படுவான்கரை வயல்வெளியில் அந்தச் சலுகை குறைவு. சொந்தம் படுவான்கரையில் என்றால் பகலில் போய் வந்து, இரவு கடல் பக்கம் தங்குவதை யோசிக்கலாம். கடற்குளிப்புக்கு மட்டும் இதுவே கிழக்கின் நல்ல காலம். நீர்கொழும்பு, ஹிக்கடுவப் பக்கம் அலை கொந்தளிக்கும்போது நிலாவெளியும் பாசிக்குடாவும் அமைதியாகக் கிடக்கும்.

உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. முதல் நான்கைந்து நாளுக்குப் பெரிய அலைச்சல் வைக்காதீர்கள். வெக்கைக்கு உடம்பு பழகத் தொடங்கவே அவ்வளவு நாள் வேண்டும். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் போகும் மாத்திரை எடுப்பவர்கள் புறப்படும் முன் தங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினை வாகனத்துக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகவேண்டாம். மருந்துக்கடையில் 'ஜீவனி' என்று கேட்டால் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் தருவார்கள், நாலைந்து வாங்கி வையுங்கள். மோரும் இளநீரும் இருக்கவே இருக்கின்றன. வெயிலில் நின்ற ஒருவர் குழறிப் பேசினால், உடம்பு கொதித்தால், நிழலில் கிடத்தி ஈரத்துணி போட்டபடி 1990ஐ அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும்.

சித்திரை வருடப்பிறப்புக்குப் போகிறவர்களுக்கு மேலே சொன்னது பாதிதான் பொருந்தும். அப்போது சோளகமும் இல்லை, கச்சானும் இல்லை, காற்றே இல்லை. ஏப்ரல் நடுவில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே வரும், மதியம் பன்னிரண்டு மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் உங்கள் நிழல் காலடிக்குள் ஒளிந்துவிடும். எண் அதே 33தான், ஆனால் அந்தப் புழுக்கத்துக்கு ஆடி வெயில் எவ்வளவோ மேல். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஏசி அறை அப்போது ஆடம்பரம் இல்லை. அப்புறம், பின்னேரம் உள்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் இடி மின்னல் நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலிலோ குளக்கட்டிலோ நின்றால் தென்னைக்குக் கீழே ஒதுங்காமல் வீட்டுக்குள் போங்கள். பெரியம்மா முதல் முழக்கத்திலேயே தொலைக்காட்சி வயரைப் பிடுங்கிவிடுவார். நீங்கள் சார்ஜில் போட்டிருக்கும் போனையும் கழற்றிவிடுங்கள்.