நெட்ஸில் நன்றாகத்தான் ஆடுகிறீர்கள், மேட்ச்சில் ஏன் வருவதில்லை?

கிரிக்கெட் நெட்ஸில், அதாவது வலைப் பயிற்சியில், ஃபீல்டர் கிடையாது, அம்பயர் கிடையாது, ஸ்கோர் போர்டும் கிடையாது. எட்ஜ் வாங்கிய பந்து வலையில் போய் விழும். பேட்ஸ்மேன் க்ளவுஸை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த பந்துக்கு நிற்பார். தவறாமல் பயிற்சிக்குப் போயும் லீக் மேட்ச்சில் பத்து ரன்னைத் தாண்டத் திணறுகிறவர்கள் பலருக்கு டெக்னிக் பிரச்சினையே இல்லை. பயிற்சி நடக்கிற விதம்தான் பிரச்சினை.

பவுலர்களின் தவறைப் பிடிப்பது சுலபம். பவுலர் தாண்டக் கூடாத கோடான கிரீஸ் பக்கத்தில் போய் நின்று காலைப் பாருங்கள். சாயங்கால நெட்ஸில் ஐந்தாறு பேர் வரிசைகட்டி நிற்பார்கள். முன்னால் போனவர் கையைவிட்டுப் பந்து போனதுமே அடுத்தவர் கிளம்பியாக வேண்டும். அவசரத்தில் ரன்-அப் பாதியாகிவிடும், முன்கால் கோட்டைத் தாண்டி ஓர் அடி தள்ளி விழும். அந்தக் கோடும் பாதி அழிந்திருக்கும். 'நெட்ஸ்தானே' என்று யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்த ஓர் அடியை வைத்துத்தான் உங்கள் லென்த்தும், அதாவது பந்து பிட்ச்சில் விழும் தூரமும், பழகியிருக்கிறது. மேட்ச்சில் கோட்டுக்குப் பின்னால் நின்று போடும்போது குட் லென்த் என்று நினைத்த பந்து ஷார்ட்டாக விழும், அல்லது நோ பால் ஆகும். 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டியில் பாகிஸ்தானின் ஃபகர் ஸமான் 3 ரன்னில் இருந்தபோது பும்ரா பந்தில் தோனியிடம் கேட்ச் கொடுத்தார். பார்த்தால் நோ பால். ஃபகர் 114 அடித்தார், இந்தியா 180 ரன் வித்தியாசத்தில் தோற்றது. பும்ராவுக்கே அந்த விலை என்றால் நமக்கு?

ரன்-அப்பை அளந்து வையுங்கள். கிரீஸிலிருந்து மைதானத்தின் பக்கம் திரும்பி, பேட்ஸ்மேன் இல்லாமல், வழக்கமான வேகத்தில் ஓடிப் போட்டுப் பாருங்கள். முன்கால் எங்கே விழுகிறது என்று நண்பர் ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். நாலைந்து முறை ஓடினால் ஓர் இடம் பிடிபடும். அந்தத் தூரம்தான் உங்கள் அளவு. அதை டேப்பில் அளந்து எழுதி வையுங்கள், பிட்ச்சுக்குப் பிட்ச் மாறாது. பிறகு நெட்ஸில் ஒவ்வொருவரும் ஆறு பந்து சேர்த்துப் போடுவது, காத்திருப்பவர்களில் ஒருவர் அம்பயராக நிற்பது என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும். பரவாயில்லை.

பவுலிங்கில் இன்னொரு வியாதி, ஒரே ஓவரில் எல்லா வித்தையையும் இறக்குவது. சின்னப்பம்பட்டி நடராஜன் பேட்ஸ்மேனின் காலடியில் இறக்கும் யார்க்கரைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் யார்க்கர் ஆசை. ஆஃப் ஸ்டம்ப்புக்கு மேல் குட் லென்த்தில் ஆறுக்கு நாலு விழாத கைக்கு ஸ்லோ பால் எதற்கு?

பேட்டிங்குக்கு வருவோம். ஒருவர் பக்கத்தில் நின்று ஒரே இடத்தில் த்ரோ டவுன் போட, அதாவது கையால் பந்தை எறிய, இன்னொருவர் ஐம்பது கவர் டிரைவ் அடிப்பார். பார்க்க அழகாக இருக்கும். அடுத்த பந்து எங்கே வரும் என்று தெரிந்த பிறகு அடிப்பதில் முடிவெடுக்கும் வேலையே இல்லை. மேட்ச்சில் கஷ்டமே அதில்தான். 1994-இல் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் ஆட்டக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு வகைவகையாகப் பிரித்து, ஒரே மாதிரிப் பந்துகளாகப் போட்டார்கள். இன்னொன்றுக்கு அதே பந்துகளைக் கலந்து போட்டார்கள். கலந்து ஆடிய குழுதான் அதிகம் முன்னேறியது. புது ஷாட் பழகும்போது ஒரே இடத்தில் போடச் சொல்வதில் தவறில்லை. ஷாட் கைக்கு வந்ததும் கலக்கச் சொல்லுங்கள். விட வேண்டிய பந்தும் நடுவில் வரட்டும். நெட்ஸில் பந்தை விடுகிறவரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். 2004 சிட்னியில் சச்சின் கவர் டிரைவையே ஒதுக்கிவைத்து 241 நாட் அவுட் எடுத்தார் என்பதை இவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

அவுட்டானால் வெளியே வந்துவிட வேண்டும் என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். 'லாஸ்ட் ஆறு பால்' என்றதும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவது அன்றோடு நிற்கும். ஆறு பந்தில் எட்டு ரன், லாங் ஆனில் ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு ஆடினால் இன்னும் நல்லது.

டென்னிஸ் பாலில் வளர்ந்து ஸ்டிச் பாலுக்கு, அதாவது தையல் போட்ட தோல் பந்துக்கு, வருகிறவர்கள் முதலில் கையை இளக்கிப் பிடிக்கப் பழக வேண்டும். கீழ்க்கை இறுக்கி அடித்தால் டென்னிஸ் பால் பறக்கும். தையலில் விழுந்து விலகும் ஸ்டிச் பாலில் அதே பிடி ஸ்லிப்புக்குக் கேட்ச்.

கடைசியாக ஒன்று, பதின்ம வயது வேகப்பந்து வீச்சாளர்களின் பெற்றோருக்கு. காலையில் அகாடமி, மாலையில் கிளப், ஞாயிறு மேட்ச் என்று மூன்று இடத்திலும் பையன் பவுலிங் போட்டால் மொத்தக் கணக்கு எந்தக் கோச்சுக்கும் தெரியாது. நோட்டில் நீங்கள்தான் எழுத வேண்டும். வளரும் முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்ற மெல்லிய விரிசல் இப்படித்தான் வருகிறது. சென்னை எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷனில் பல வருடம் பயிற்சி தந்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியே அதில் சிக்கி மீண்டவர்தான். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பக்கமாக, பந்து போடும்போது மட்டும் வலிக்கிறது என்று பையன் சொன்னால் தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள். பவுலிங்கை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். பேட்டிங்கூட அவர் சொன்ன பிறகுதான்.