சந்தியாகு என்ற பெயரில் சந்தி இல்லை

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் குடும்பப் பெயர்களுக்கு வேர் தேடும் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். எழுத்துப் பிழை, தேதிக் குழப்பமெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். நாங்கள் விழுந்த குழிகளிலேயே அவர்களும் விழுவதால்தான் இதை எழுதுகிறேன்.

காதை நம்பி வேர் சொல்வது

சந்தியாகப்பர் கோயில் இருக்கிற ஊரில் சந்தியாகுகளுக்குக் குறைவிருக்காது. ஒரு தம்பி வந்து, "அண்ணே, அந்திசந்தியில பிறந்தவருக்கு வச்ச பேரு" என்றார். வெட்டக் கூடாத இடத்தில் வெட்டியதால் வந்த வினை. முன்னால் இருப்பது 'சாந்த்', புனிதர். பின்னால் இருப்பது 'இயாகோ', அதாவது யாக்கோபு. போர்த்துக்கீசியரோடு வந்த பெயர். இரட்டை அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்ததால் யாக்கோபு என்று பெயரிட்டதாக பைபிளின் ஆதியாகமம் சொல்கிறது. சந்தியாகப்பர் அதே பெயர்கொண்ட அப்போஸ்தலர், கலிலேயாக் கடலில் வலை போட்டவர். ஜூலை 25 அவர் திருநாள்.

சரி, பொருள் தப்பினால் குடியா முழுகிவிடும்? கிட்டத்தட்ட முழுகியது. அந்தத் தம்பியின் தாத்தா ஞானஸ்நானப் பதிவில் சந்தியாகு, கல்யாணப் பதிவில் யாகப்பன். சந்தியைப் பிடித்துக்கொண்டவர் கண்ணுக்கு யாகு படவில்லை. அண்ணன் தம்பி என்று வம்சாவளியில் இரண்டு கட்டம் போட்டுவிட்டார். தென்னந்தோப்புப் பாகப்பிரிவினைக்கு அந்தத் தாளையே வக்கீலிடம் கொடுத்தார்கள். பிறக்காத சின்னத் தாத்தாவின் வாரிசுகள் எங்கே என்று அவர் கேட்டார். பத்திரம் அப்படியே நின்றது. இத்தனைக்கும் இரண்டு பதிவிலும் தாய் தகப்பன் பெயர் ஒன்றுதான்! அதைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

தலையில் 'சந்த்', வாலில் 'அப்பன்', 'அப்பர்' இருந்தால் முதலில் கழற்றி வையுங்கள். அப்புறம் மிச்சத்தைப் பாருங்கள்.

எல்லாமே ஒலி மாற்றம் என்று நினைப்பது

சூசை, போர்த்துக்கீசிய ஜோசேயின், அதாவது யோசேப்பின், ஒலி. சின்னப்பன் அப்படியல்ல. அது பவுல் என்ற பெயருக்கான தமிழ். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், பொருளையே தமிழாக்கியிருக்கிறார்கள். 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட பாதிரியார் அருளானந்தர், ஜான் டி பிரிட்டோ. ஜான்தான் யோவான், அந்தப் பெயருக்குள்ளேயே ஆண்டவரின் அருள் இருக்கிறது.

பெயரில் மதம் பிரிப்பது

கீழக்கரை யாகூபும் இதே யாக்கோபுதான்.

சேது என்றால் பாலம் மட்டும்தான் என்பது

பெயர்களில் சேது வந்தால் பாலம் என்று முடிவு கட்டாதீர்கள், அணைக்கும் வரப்புக்கும்கூட அதே சொல்.

கடையில் விற்கும் பெயர்ப் புத்தகம்

வேண்டாம்.