வெறுங்கையோடு திரும்பினாலும் அறிக்கை

வாஷிங்டன் மாநிலத்தில் எல்க் மான் வேட்டைக்கு உரிமமும் டேக்கும் (குறிப்பிட்ட விலங்கைச் சுட அனுமதிக்கும் சீட்டு) வாங்கியிருந்தேன். 9 நாள் காட்டில் அலைந்தும் ஒன்றும் அகப்படவில்லை. சுட்டவர்கள்தானே கணக்குக் காட்ட வேண்டும் என்று இருந்துவிட்டேன். அடுத்த ஆண்டு உரிமம் எடுக்கப் போனால், 10 டாலர் அபராதம் காத்திருந்தது.

விதியைப் படித்த பிறகுதான் புரிந்தது. மான், எல்க், கருங்கரடி, வான்கோழி எதற்கு டேக் வாங்கினாலும், வேட்டைக்கே போகாவிட்டாலும், ஜனவரி 31-க்குள் அறிக்கை தர வேண்டும். நியாயமான விதி இது. வெறுங்கையோடு திரும்பியவர்கள் வாய் திறக்காவிட்டால், சுட்டவர்களின் கணக்கு மட்டும் நிற்கும். காட்டில் எல்க் மலிந்து கிடப்பதாகத் தோன்றிவிடும்.

அபராதத்தைக் கட்டினேன். அதன்பின் கோட்டுப் பையில் ஒரு சிறிய நோட்டு வைத்திருக்கிறேன். மாலையில் வண்டியில் ஏறும் முன் தேதியையும், வேட்டையாடிய நிலப்பகுதிக்கு அரசு தந்திருக்கும் பிரிவு எண்ணையும் எழுதிவிடுவேன், பென்சிலால்தான். அங்கே பெய்யும் மழையில் பேனா மை நிற்காது. விலங்கு கிடைத்தால் கொம்பின் கிளைகளையும் எண்ணிக் குறிப்பேன். பருவம் முடிந்த அன்றிரவே இணையத்தில் அறிக்கையை அனுப்பி, ஒப்புகை எண்ணை அதே பக்கத்தின் அடியில் எழுதிக்கொள்கிறேன்.