கண்மாய் மண்ணில் சுடுமண் மணிமாலை: துளை போடும் பக்குவம்

கீழடி அருங்காட்சியகத்தில் சுடுமண் மணிகளைப் பார்த்துவிட்டு வந்த வாரமே நானும் மண்ணில் கை வைத்தேன். மூன்று தடவை மணிகள் விரிசல் விட்டன. நான்காவது தடவை சரியாக வந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மண்

கண்மாய்க் களிமண்ணைக் காயவைத்து, நொறுக்கி, ஒரு நாள் ஊறவிடுங்கள். கரைசலை மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல் ஒரு கடுகளவு தங்கினாலும் ஆபத்துதான். சூளையில் அது நீறும். பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து உப்பி, நன்றாக இருந்த மணியின் தோலைத் தெறிக்கவிடும்.

தண்ணீர் வற்றியதும் பிசைந்து, பென்சில் கனத்துக்குத் திரித்து விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் பதம் சரி.

உருவம்

மண் காய்ந்து சுடுபடும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். 10 மில்லிமீட்டர் மணி வேண்டுமென்றால் 11 மில்லிமீட்டருக்கு உருட்டுங்கள். புன்னங்காய் போல உருண்டை, வேப்பங்கொட்டை போல நீள்வட்டம், இரண்டும் கோத்தால் அழகாக இருக்கும். ஈர மணியில் நெல்லை அழுத்தி அப்படியே விட்டுவிடலாம். சூளையில் நெல் எரிந்துபோகும், உமியின் வரி மட்டும் மணியில் நிற்கும்.

துளை

நான் சறுக்கிய இடம் இதுதான். உருட்டியதுமே ஈர்க்குச்சியைச் செருகி, குச்சியோடு காயவைத்தேன். மண் சுருங்கியது, குச்சி சுருங்கவில்லை. துளையைச் சுற்றி மயிரிழை போல விரிசல் விழுந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல் சூளையில்தான் வாயைப் பிளந்தது.

இப்போது உருட்டிய மணிகளை நிழலில் அரை நாள் விட்டுவிடுகிறேன். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் விரலில் மண் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். தென்னை ஈர்க்கைத் திருகியபடி ஒரு பக்கத்திலிருந்து பாதிவரை இறக்கி, எடுத்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து திருகி நடுவில் சந்திக்கவிடுங்கள். ஒரே பக்கமாகக் குத்தினால் மறுமுனையில் மண் பிதுங்கிக் கிழியும். கல்மணிகளை இரு முனையிலிருந்தும் துளைப்பது மிகப் பழைய உத்தி. நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த கல்மணிகளை நினைத்துக்கொண்டுதான் நான் இதை முயன்றேன்.

துளையும் சுருங்கும் என்பதால் நூலைவிட இரு மடங்கு அகலம் வையுங்கள். குச்சியை உள்ளே விட்டுவிடாதீர்கள். எஃகு ஊசியைவிட எனக்கு ஈர்க்குதான் பிடிக்கும்: ஊசியில் மண் அப்பிக்கொள்கிறது, ஈர்க்கு வழுக்கிக்கொண்டு வருகிறது.

இதே பதத்தில் கீறல்களும் போட்டுவிடுங்கள். கீழடிப் பானை ஓடுகளில் உள்ள குறியீடுகள் மணிக்கு நன்றாகப் பொருந்தும். 'ஆதன்' என்ற பெயரைத் தமிழியில், அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவத்தில், கீறி ஒரு பதக்கம் செய்தேன். மூன்றே எழுத்து, முதலில் பழக ஏற்றது. அப்புறம் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால், மெருகு பூசாமலே மணி பளபளக்கும்.

சுடுதல்

நிழலில் ஒரு வாரம் காயட்டும். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியக் கூடாது. உள்ளே ஈரம் இருந்தால் அது ஆவியாகி மணியை வெடிக்கவைக்கும்.

வீட்டு ஓவன் சூடு போதாது. அதில் சுட்ட மணியைத் தண்ணீரில் போட்டால் மறுபடி மண்ணாகிவிடும். 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். மணிகளைச் சட்டியில் போட்டு, பானை வேளாரிடம் கொடுத்துச் சூளையில் வைக்கச் சொல்வதே நல்லது. மூடாத சட்டியில் சிவப்பு மணி வரும். உமியில் புதைத்து, மூடி, விளிம்பை மண்ணால் பூசினால் கறுப்பு மணி வரும். பழைய கறுப்பு-சிவப்புப் பானைகளின் கறுப்பும் சாயம் அல்ல, காற்றுப் படாத இடத்தில் ஏறிய கரிதான்.

கோப்பது

மெழுகு தேய்த்த பருத்தி நூல், மணிக்கு மணி ஒரு முடிச்சு. நைலானில் முடிச்சு நழுவுகிறது, நான் தொடுவதில்லை.

பிறகு சேர்த்தது: மாலை ஒரே மாதத்தில் அறுந்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். துளையின் விளிம்பு கூராக இருந்தால் நூலை அரம்போல அறுக்கும். சுடுவதற்கு முன், மணி நன்றாகக் காய்ந்ததும், ஈரத் தூரிகை நுனியால் துளையின் இரு வாயையும் ஒருமுறை சுற்றிவிடுங்கள். சுட்டு முடித்த மணியாக இருந்தால் உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் திருகினால் போதும்.