சந்தால் கிளர்ச்சியை ஆவணங்களின் வழியே படிக்கும் முறை

சந்தால் பழங்குடி மக்கள் வட்டிக்காரர்களையும் கம்பெனி ஆட்சியையும் எதிர்த்து 1855-ஆம் ஆண்டில் நடத்திய கிளர்ச்சியைப் படிக்க விரும்புபவர் போர்க்களத்தை விட்டு நிலத்திலிருந்து தொடங்குவது நல்லது. இன்றைய ஜார்கண்டின் வரைபடத்தில் ராஜ்மகால் மலைகளைக் கண்டறிந்து, அவற்றை ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி 1830-களில் எல்லை வகுத்த தாமின்-இ-கோ பகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். காட்டைத் திருத்தி உழவு செய்வதற்காகச் சந்தால் மக்கள் அங்கே குடியேற ஊக்குவிக்கப்பட்டார்கள். விளைநிலம் பெருகப் பெருக வரியும் ஏறியது, கடன் வாங்கியவர்கள் வட்டிக்காரர்களின் பிடியில் சிக்கினார்கள். இந்தப் பின்னணியை அறியாதவருக்குக் கிளர்ச்சி வெறும் திடீர் ஆவேசமாகவே தோன்றும்.

பிறகு காலவரிசையைச் சுருக்கமாக எழுதிக்கொள்ளுங்கள்: ஜூன் 30-இல் போக்னாடி கிராமத்தில் சித்து, கானு சகோதரர்கள் கூட்டிய பெருங்கூட்டம், நவம்பரில் இராணுவச் சட்டம்.

ஆவணங்களுக்குள் நுழையும்போதுதான் நிதானம் தேவை. ஒவ்வொரு கடிதத்தையும் யார், யாருக்கு, எந்த நெருக்கடியில் எழுதினார் என்று கேட்ட பின்பே அதன் செய்தியை ஏற்க வேண்டும். பிடிபட்ட தலைவர்களின் வாக்குமூலங்கள் மிக மதிப்புள்ளவை. ஆயினும் அவை விசாரணை அதிகாரியின் முன்னிலையில் பதிவானவை. தாக்கூர் என்னும் கடவுளின் ஆணைப்படியே எழுந்தோம் என்ற அவர்களின் கூற்றை மூடநம்பிக்கையென ஒதுக்காதீர்கள். பொருளாதாரக் காரணங்களோடு அதற்கும் இடம் கொடுக்காத விளக்கம், என் கருத்தில், பாதி விளக்கமே.

இறுதியாகச் சட்டங்களைப் படியுங்கள். 1855-இன் 37-ஆம் சட்டம் சந்தால் பர்கனாவைத் தனி நிர்வாகப் பகுதியாக்கியது. நில உரிமை மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் 1949-ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டத்தையும் அதனுடன் வைத்து ஒப்பிடலாம்.